புயலுக்கு டெல்லி சொல்லுது, வெள்ளத்துக்கு யாரு சொல்றது?

மழைக்கிறுக்கன் (தாம்பரம்)

டிட்வா புயல் போய் மாசக்கணக்கு ஆச்சு. ஒரு விஷயம் இன்னும் மண்டையைக் குடைஞ்சுக்கிட்டே இருக்கு.

2025 நவம்பர் கடைசியில புயல்னு அறிவிச்ச நாள்ல இருந்து நான் சரியா தூங்கல. இந்தக் கூட்டத்துக்குத் தெரியும், வானிலைக் கணிப்பு மாடல் வெளிவர்ற நேரத்துக்கெல்லாம் அலாரம் வெச்சு எழுந்திருக்கிற ஜாதி நாம. ஆனா நான் பார்த்தது பூரா ஒரே கேள்வியைத்தான்: சென்னைக்கு வருமா, வராதா? அந்த நேரத்துல அது இலங்கை மேல உட்கார்ந்திருந்துச்சு. மலைநாடு முழுக்கப் படத்துல சிவப்பும் ஊதாவுமா நிறைஞ்சு கிடந்ததைப் பார்த்துட்டு, "நிலத்துல உரசுது, வலு குறையும், நமக்கு நல்லது"ன்னு இங்கயே எழுதினேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கு, நான் அழிக்கல. அங்க 600 பேருக்கு மேல செத்துப்போனாங்க.

இப்போ கேள்வி. வங்கக்கடல்ல எந்தப் புயல் உருவானாலும் டெல்லியில இருக்கிற வானிலைத் துறைதான் பேர் அறிவிக்குது. இலங்கை, பங்களாதேஷ், மியான்மர் எல்லாருக்கும் அங்க இருந்துதான் அறிக்கை போகுது. இவ்வளவு ஏற்பாடு இருந்தும் பக்கத்து நாட்டுல மழை, வெள்ளம், நிலச்சரிவுன்னு வரும்போது மட்டும் ஏன் ஆளாளுக்குத் தனித்தனியா முழிக்கிறோம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கூண்டுக்காரர் (பாம்பன் பக்கம், ஓய்வு)

தம்பி, நானும் வானிலைக் கண்காணிப்பு நிலையத்துல வருஷக்கணக்கா குப்பை கொட்டினவன். பதில் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1970 நவம்பர்ல, அப்போ கிழக்கு பாகிஸ்தானா இருந்த இடத்துல, போலா புயல் அடிச்சது. குறைஞ்ச கணக்கே மூணு லட்சம் உயிர். அதுக்கப்புறம்தான் உலக வானிலை அமைப்பும், ஐ.நா.வோட ஆசிய பசிபிக் ஆணையமும் சேர்ந்து, 1972ல வங்கக்கடலுக்கும் அரபிக்கடலுக்கும்னு ஒரு புயல் குழுவை அமைச்சாங்க. இன்னைக்கு அதுல 13 நாடு. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மியான்மர், தாய்லாந்து, மாலத்தீவு, பாகிஸ்தான், ஓமன், ஏமன், ஈரான், கத்தார், சவூதி, அமீரகம். 1988ல டெல்லி, மண்டல மையம் ஆச்சு. உலகத்துலயே புயலுக்குன்னு இந்த மாதிரி மையம் ஆறுதான். டோக்கியோ, மயாமி வரிசையில டெல்லி.

இதுல ஒண்ணை எல்லாருமே தப்பா புரிஞ்சுக்கிறாங்க. டெல்லி மத்த நாடுகளுக்கு அனுப்புறது ஆலோசனை. எச்சரிக்கை விடுற உரிமையும் பொறுப்பும் அந்தந்த நாட்டுக்குத்தான். கொழும்புல இருக்கிற வளிமண்டலவியல் திணைக்களம் அதைப் பார்த்துட்டு, தன்கிட்ட இருக்கிறதையும் சேர்த்து, தன் மக்களுக்குச் சொல்லணும். தினம் ஒரு அறிக்கை போகும். தாழ்வு மண்டலம் ஆனா கூடுதலா போகும். புயல் ஆயிட்டா மூணு மணி நேரத்துக்கு ஒண்ணு.

அந்த ஆலோசனையில என்ன இருக்கும்? மையம் எங்க, எந்தப் பக்கம் நகருது, காற்று எவ்வளவு, கடல் எவ்வளவு உயரும். அதாவது கடல்ல போற கப்பலுக்கும் கரையில நிக்கிறவனுக்கும் வேண்டியது. இலங்கை மலைநாட்டுல, பதுளையில ஒரு மலைச்சரிவுல எத்தனை மில்லிமீட்டர் பெய்ஞ்சா மண் இறங்கும்ங்கிறது அதுல இருக்காது. டெல்லி சொல்லவும் முடியாது.

பேர் விஷயமும் அதேதான். காற்று மணிக்கு 62, 63 கிலோமீட்டரைத் தொட்டாத்தான் பேர். அதுக்குக் கீழ இருந்தா, வானமே பிச்சுக்கிட்டு ஊத்தினாலும் பேர் கிடையாது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி உங்க தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. பெஞ்சுதே, அதுக்கு என்ன பேர் சொல்லுங்க பார்ப்போம்?

நெல்லை_நக்கல்

பேர் வைக்கத்தானே 13 நாடு கூடுறாங்க? 2020ல ஆளுக்கு 13 பேர் கொடுத்து 169 பேர் பட்டியல் போட்டாச்சு. சீர் வரிசை கணக்கா. வெள்ளத் தகவலுக்கு ஒரு வரிசையைக் காணோம்.

மழைக்கிறுக்கன் (தாம்பரம்)

பேர்லயும் சண்டை வந்திருக்கே. 2013ல இலங்கையே கொடுத்த பேர் மகாசேன். வந்ததும் அங்கயே எதிர்ப்பு. மின்னேரியா குளத்தைக் கட்டின ராஜா பேரை அழிக்கிற புயலுக்கு வைக்கலாமான்னு. கடைசியில வியாரு ஆக்கிட்டாங்க. நியாயம்தான், குளம் வெட்டினவன் பேர்ல வெள்ளம் வரக்கூடாதுல்ல.

@கூண்டுக்காரர் ஐயா, அப்போ ரேடார்? காரைக்கால் ரேடார் படம் எல்லாருக்கும் இணையத்துல கிடைக்குது. யாழ்ப்பாணம் அதுக்குள்ள வருதே?

கூண்டுக்காரர் (பாம்பன் பக்கம், ஓய்வு)

வருது. ஆனா ரேடார் கதிர் நேரா போகும், பூமி வளையும். காரைக்கால்ல இருந்து பருத்தித்துறை 130 கிலோமீட்டர் சுமார். கீழ் கோணத்துல விட்ட கதிர் அங்க போகும்போது தரையில இருந்து 2 கிலோமீட்டர் மேல இருக்கும். பரவாயில்ல, மழை மேகம் தெரியும். 250 கிலோமீட்டர்ல கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர் உயரம். கண்டி, பதுளை எல்லாம் 400க்கும் மேல. அங்க கதிர் போறப்போ மேகத்துக்கு மேலயே போயிடும். மலையில கீழ் மட்டத்துல ஈரக்காத்து முட்டி முட்டிப் பெய்ற மழையை நம்ம ரேடார் பார்க்கவே பார்க்காது. அதுக்கு அவங்க தீவுலயே ரேடார் வேணும். புத்தளத்துலயும் பொத்துவில்லயும் வைக்க ஜப்பான் உதவியோட திட்டம் போட்டாங்க, அதுவும் வருஷக்கணக்கா இழுத்துச்சு.

வடமராட்சி_வாடை

முதல் முறை எழுதுறன், பிழை இருந்தா மன்னிக்கவும்.

எங்கட அப்பா கடற்தொழில். சின்ன வயசிலை எங்கட வீட்டிலை காலநிலை எண்டா திருச்சி வானொலிதான். பிறகு காரைக்கால் பண்பலை. சண்டைக் காலத்திலை பற்றரி கிடையாது, சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டனாங்கள். அண்ணன் பெடலைச் சுத்துவான், அப்பா காதைக் குடுத்துக்கொண்டு இருப்பார். "பாம்பனில் மூன்றாம் எண் புயல் கூண்டு" எண்டு சொன்னா வள்ளத்தை இழுத்து மேலை ஏத்திப்போடுவார். அந்த அறிவிப்பு எங்களுக்கு எண்டு சொன்னதில்லை. ஆனா கடல் ஒண்டுதானே.

1964 மார்கழி (டிசம்பர்) 22 வவுனியா, மன்னார்ப் பக்கத்தாலை போன புயல்தான் அண்டு இரவே தனுஷ்கோடியை அழிச்சது. 1978 கார்த்திகை (நவம்பர்) மட்டக்களப்பை உடைச்சுப்போட்டு அடுத்த நாள் ராமநாதபுரம் கரைக்கு வந்தது. 2020 புரெவி திருகோணமலையாலை ஏறி, மன்னார் குடாவிலை இறங்கி, ராமநாதபுரக் கரைக்குக் கிட்ட நகராமல் நிண்டது. எங்களைக் கடக்கிறது உங்களிட்டை வரும். எங்களுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டாலே உங்களுக்கு அரைவாசி எச்சரிக்கை.

இன்னொண்டு. நீங்கள் எல்லாரும் தகவல் பரிமாற்றம் எண்டு கதைக்கிறியள். தமிழ் தமிழுக்கே விளங்காமல் கிடக்கு. உங்கட "ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்" எங்களுக்கு "ஆழமான தாழமுக்கம்". நீங்கள் நிலச்சரிவு, நாங்கள் மண்சரிவு. நீங்கள் 20 சென்ரிமீற்றர் எண்டுறியள், நாங்கள் 200 மில்லிமீற்றர் எண்டுறம். போன கார்த்திகை உங்கட பக்கத்துச் செய்தி ஒண்டை ஆரோ வட்சப்பிலை போட்டினம், "20 வரை மழை". அலகைக் காணேல்லை. எங்கட சனம் 20 மில்லிமீற்றர் எண்டு நினைச்சுச் சிரிச்சதுகள்.

நெல்லை_நக்கல்

அண்ணே, அந்த 20 விஷயம் நக்கலடிக்க முடியாத விஷயம். விட்டுடறேன்.

பதுளை_பிள்ளை

இந்த இழைய ஒரு வாரமா படிக்கிறேன், எழுத மனசு வரல. இப்ப எழுதுறேன்.

நாங்க இருந்தது லயத்துல, தோட்டத்து வரிசை வீடு. பின்னாடி தேயிலை, அதுக்கும் மேல டர்பன்டைன் மரம். அன்னைக்கு காத்தே இல்ல. புயல் புயல்னு சொல்றாங்க, மரம் ஆடல. அதனாலதான் யாரும் பயப்படல. மழை மட்டும், ராத்திரி பூரா ஒரே சத்தத்துல. கூடாம, குறையாம. விடியக்காலம் கக்கூஸ் பக்கத்துல இருக்கிற கானுல, அதான் வடிகாலுல, தண்ணி காபி கலர்ல வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தண்ணி நின்னுருச்சு. மழை பெய்யுது, கானுல தண்ணி இல்ல. எங்க ஆத்தா அதப் பாத்துட்டு "மேல எங்கயோ அடைச்சிருச்சு, வெளிய வாங்கடா"ன்னு கத்துனாங்க. ஓடுனோம். எங்க வரிசையில மூணு வீடு இப்ப இல்ல.

போன்ல எச்சரிக்கை வந்திருந்துச்சு. சிங்களத்துல. வரைபடத்துல செம்மஞ்சள், சிவப்பு இருந்துச்சு. எது எங்க ஊருன்னு ஆத்தாவுக்குத் தெரியாது. தமிழ்ல அதே செய்தி நாங்க ஸ்கூல்ல தங்கியிருந்தப்ப வந்துச்சு. யாரு அனுப்புனாங்கன்னு நான் சொல்ல வரல, சொல்லி என்ன ஆகப்போவுது.

மழைக்கிறுக்கன் அண்ணே, உங்க பழைய பதிவ அப்பவே பாத்தேன். கோபம்தான் வந்துச்சு. இப்ப இல்ல.

மழைக்கிறுக்கன் (தாம்பரம்)

என்ன எழுதுறதுன்னு தெரியல தம்பி. மன்னிச்சிடு.

கூண்டுக்காரர் (பாம்பன் பக்கம், ஓய்வு)

அந்தத் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லு தம்பி. மழை பெய்யும்போதே ஓடை வத்தினா மேல மண் அடைச்சிருக்குன்னு அர்த்தம். நாங்க புத்தகத்துல படிச்சது, அவங்க பார்த்து கண்டுபிடிச்சிருக்காங்க.

நிறத்தைப் பத்தி ஒரு வார்த்தை. இந்தியாவுல பொதுவா ஒரு நாள்ல 20 செ.மீ.க்கு மேலன்னாத்தான் சிவப்பு. இலங்கை மண்சரிவு எச்சரிக்கையில சிவப்பு 150 மி.மீ.யிலயே, அதாவது 15 செ.மீ.யில வந்துடும். மலைக்கு அதுதான் சரி. ஆனா இங்க இருந்து ஒருத்தர் "உங்களுக்கு ஆரஞ்சுதான்"னு அங்க ஒருத்தருக்கு அனுப்பினா உயிர் போகும். நிறத்தை எல்லை தாண்டி அனுப்பாதீங்க, எண்ணை அனுப்புங்க, அலகோட.

டாக்கா_தமிழன்

நான் பின்னலாடைத் தொழிலில் இருக்கேன், திருப்பூர்ல இருந்து வந்து பல வருஷமாச்சு. மழைக்கிறுக்கன் கேட்ட கேள்விக்கு வங்காளத்துப் பக்கத்துல இருந்து ஒரு பதில்.

2024 ஆகஸ்ட்ல நான் கோமிலால ஒரு சாயப்பட்டறையில இருந்தேன். கோமதி ஆறு திரிபுராவுல இருந்து வருது. 21ஆம் தேதி சாயங்காலம் வரை ஆறு நிறைஞ்சுதான் இருந்துச்சு, ஆனா பயப்படுற மாதிரி யாரும் சொல்லல. அடுத்த நாள் கரை உடைஞ்சுது. பட்டறையில சாயம் போட வெச்சிருந்த துணி ரோல் எல்லாம் மிதந்துச்சு. ஊர் பூரா ஒரே பேச்சு, இந்தியா அந்த ஆத்து மேல இருக்கிற தம்பூர் அணையைத் திறந்து விட்டுருச்சுன்னு. கடைக்கு அரிசி வாங்கப் போன என்னையும் ஒரு மாதிரி பார்த்தாங்க.

இந்திய வெளியுறவு அமைச்சகம் 22ஆம் தேதி அதை மறுத்து அறிக்கை விட்டுச்சு. அணை எல்லையில இருந்து 120 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கு, உயரம் 30 மீட்டர்தான், அங்க எடுக்கிற மின்சாரம் போற கட்டமைப்புல இருந்து 40 மெகாவாட் பங்களாதேஷும் வாங்குது, வெள்ளத்துக்குக் காரணம் அணைக்குக் கீழ இருக்கிற நீர்ப்பிடிப்புல பெஞ்ச மழைன்னு. எனக்கு அதுல முக்கியமா பட்டது ஒரே ஒரு வரி. ஆத்தை அளக்கிற அமர்பூர் நிலையத்துல இருந்து நீர்மட்டம் ஏறுதுங்கிற தகவல் 21ஆம் தேதி மத்தியானம் 3 மணி வரை பங்களாதேஷுக்குப் போயிருக்கு. 6 மணிக்கு வெள்ளத்துல கரண்ட் போச்சு, தொடர்பும் போச்சு.

அணை திறந்தாங்களா இல்லையான்னு இன்னும் இங்க அடிச்சுக்கிறாங்க. எனக்கு அது ரெண்டாவது. எந்த வெள்ளத்தைச் சொல்றதுக்காக வெச்ச கருவியோ, அந்த வெள்ளத்துலயே அது அணைஞ்சு போச்சு. ஒரு பேட்டரி, ஒரு சோலார் தகடு, செயற்கைக்கோள் வழியா அனுப்ப ஒரு கருவி. எங்க பட்டறையில ஒரு நாள் டீசல் செலவுக்குக்கூட வராது.

இங்க 54 ஆறு இந்தியாவோட பொது. கூட்டு நதி ஆணையம் 1972லயே அமைச்சாச்சு. நீங்க சொன்ன புயல் குழுவும் அதே வருஷம்தான். அதுல ஒண்ணுதான் மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை பேசுது.

நெல்லை_நக்கல்

இதுல என்ன ரகசியம்? புயல் யார் வீட்டுச் சொத்தும் இல்ல. அது எங்க இருக்குன்னு சொல்றதால யாருக்கும் நஷ்டம் இல்ல. ஆத்துத் தண்ணி அப்படியா? மேல இருக்கிறவன் எவ்வளவு வருதுன்னு வெள்ளத்துக்குச் சொன்னா, வறட்சியில எவ்வளவு வெச்சிருந்தான்னும் தெரிஞ்சு போகும். அதான் மூடி வெக்கிறான்.

சீனாவைப் பாருங்க. பிரம்மபுத்திராவுக்கு நுகேஷா, யாங்சுன், நுக்சியான்னு மூணு நிலையத்துல இருந்து மழைக்காலத்துல தகவல் தரணும்னு 2002ல ஒப்பந்தம். 2017ல டோக்லாம் எல்லையில ரெண்டு ராணுவமும் முறைப்பு, அந்த வருஷம் தகவல் வரல. 2018ல திரும்ப வந்துச்சு. 2023ல ஒப்பந்தக் காலமே முடிஞ்சு போச்சு. தண்ணிக்குழாய் சண்டைதான், பாஸ்போர்ட்டோட.

பெயரில்லா_பொறியாளர்

நக்கல் சொல்றது பாதிதான் சரி. 2025 ஏப்ரல்ல இந்தியா பாகிஸ்தானோட இருந்த சிந்து நதிநீர் ஒப்பந்தத்தை நிறுத்தி வெச்சுது. ஆகஸ்ட் 24, ஜம்முவுல தாவி ஆறு பொங்குச்சு. அந்த ஒப்பந்தத்தோட சிந்து ஆணையம் வழியா பேச முடியாது. இஸ்லாமாபாத்துல இருக்கிற இந்தியத் தூதரகம் வழியா பாகிஸ்தானுக்கு எச்சரிக்கை போச்சு. மே மாசம் சண்டை போட்ட ரெண்டு நாடு. சொல்லணும்னு நினைச்சா வழி கிடைக்குது.

அப்புறம், வெள்ளத்துக்கு ஒண்ணுமே இல்லைன்னு சொல்றதும் தப்பு. 2020 அக்டோபர்ல தெற்காசியத் திடீர் வெள்ள வழிகாட்டு முறையைத் தொடங்கினாங்க. இந்தியா, பங்களாதேஷ், பூட்டான், நேபாளம், இலங்கை. சின்னச் சின்ன நீர்ப்பிடிப்பா பிரிச்சு, மண்ணு ஏற்கனவே எவ்வளவு ஊறியிருக்கு, இன்னும் எவ்வளவு பெஞ்சா ஓடும்னு 6 மணி நேரம், 24 மணி நேரம் முன்னாடி கணக்குப் போடுது. மண்டல மையம் டெல்லிதான். பாங்காக் பக்கத்துல ரைம்ஸ்னு ஒரு அமைப்பு, 2004 சுனாமிக்கு அப்புறம் முன்னெச்சரிக்கைக்குன்னு நாடுகள் சேர்ந்து வெச்சது, 2009ல இருந்து ஓடுது. ஏற்பாடு நிறைய. தாசில்தார் மேசைக்கு, கிராம சேவகர் கைக்கு வரும்போதுதான் காணாமப் போகுது.

நெல்லை_நக்கல்

ஒத்துக்கறேன். நாடு விட்டு நாடு எதுக்கு? 2015ல செம்பரம்பாக்கத்துல நொடிக்கு 29,000 கன அடி திறந்தது அடையாறு கரையில படுத்திருந்தவனுக்குத் தெரியல. நடுவுல எல்லைக்கோடு, தூதரகம் ஒண்ணும் கிடையாது.

நெறியாளர்

எந்த நாடு நல்ல நாடுன்னு போன நாலு பதிவுகளை நீக்கியாச்சு, இதுக்கு மேல வந்தாலும் நீக்குவோம். வானிலை பேசுங்க.

வடமராட்சி_வாடை

நான் ஒரு வேலை துவங்கினன். உங்கட சொல்லு, எங்கட சொல்லு, மலையகச் சொல்லு மூண்டையும் ஒரே பக்கத்திலை எழுதுறன். தாழமுக்கம், புயல், சூறாவளி, கூண்டு, கான், ஓடை, வாய்க்கால். "கரையைக் கடக்கும்" எண்டதுக்கு எங்கட சனம் சிலர் "கடந்து போயிடும், பிரச்சினை இல்லை" எண்டு விளங்கிக்கொள்ளுதுகள், அதையும் எழுதோணும். பதுளைத் தம்பி, உங்கட ஆத்தாவிட்டை கேட்டு மழைக்குச் சொல்லுற சொல்லுகளையும் அனுப்பும்.

பதுளை_பிள்ளை

ஆத்தா ஒரு பக்கம் சொல்லியிருக்காங்க, எழுதி அனுப்புறேன். இப்ப வேற தோட்டத்துல தங்கியிருக்கோம், இங்கயும் மேல மலைதான். மழைமானி வாங்க காசு இல்ல. சும்மா ஏதாவது வெச்சு அளக்கலாமா?

கூண்டுக்காரர் (பாம்பன் பக்கம், ஓய்வு)

தாராளமா. வயிறு நேரா இருக்கிற பிளாஸ்டிக் போத்தல் ஒண்ணு எடு. வளையம், பள்ளம் இருக்கக் கூடாது. கழுத்தை வெட்டி, அதையே தலைகீழா புனல் மாதிரி உள்ள செருகு. அடி வளைஞ்சு இருக்குமே, அதுல கூழாங்கல் போட்டு ஒரு கோடு வரைக்கும் தண்ணி ஊத்து, அந்தக் கோடுதான் பூஜ்யம். பக்கத்துல ஸ்கூல் ஸ்கேல் ஒண்ணை ஒட்டு. மரத்தடி, கூரை ஓரம் ஆகாது, வெட்டவெளியில வை, காத்துல சாயாம ரெண்டு கல்லு அணை கொடு.

காலையில 8.30க்குப் படி. இங்கயும் அங்கயும் மழையை அளக்கிறது 8.30க்குத்தான், கடிகாரமும் ஒண்ணு. படிச்சதும் மறுபடி பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவந்துடு. பெருமழை ராத்திரி மட்டும் மூணு மணி நேரத்துக்கு ஒருதடவை பாரு.

பதுளை_பிள்ளை

வெச்சாச்சு. இன்னைக்கு 8.30: 31 மி.மீ.

மழைக்கிறுக்கன் (தாம்பரம்)

தாம்பரம் 8.30: 0. பதுளைக்குன்னு தனி அலாரம் வெச்சிருக்கேன்.

வடமராட்சி_வாடை

பருத்தித்துறை 4 மி.மீ. வாடை நல்லா இழுக்குது, வள்ளம் போகேல்லை.

கூண்டுக்காரர் (பாம்பன் பக்கம், ஓய்வு)

தம்பி, அந்த 31 கொஞ்சம் இடிக்குது. போத்தல் வாயும் வயிறும் ஒரே அகலமா? வெட்டின இடத்துல ஸ்கேலை வெச்சு அளந்து சொல்லு, அப்புறம் எழுதிக்கிறேன்.